சுவரில் மாட்டிய டேப்லெட்டுக்கு கரண்டு எங்கிருந்து வருகிறது?

டேப்லெட்டின் முதுகு உப்பிக்கொண்டு நிற்கிறது, வந்து பாருங்கள் என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எனக்கு வரும் அழைப்புகள் கூடிக்கொண்டே போகின்றன. எல்லா வீட்டிலும் கதை ஒன்றுதான். பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிறார்கள். தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) தனியாக இருக்கும் அம்மா அப்பாவோடு முகம் பார்த்துப் பேசவும், வாசல் கேமராவைக் காட்டவும் ஹாலில் ஒன்றை மாட்டிவிட்டுப் போகிறார்கள். நல்ல காரியம்தான். வயர் தொங்கினால் அசிங்கம் என்று சார்ஜரைச் சுவருக்குள் மறைக்கும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

போன வாரம் ஒரு வீட்டில் விளக்கு சுவிச்சைக் கழற்றினேன். கூட்டை உடைத்தெடுத்த ஒரு சார்ஜர், கறுப்பு டேப் சுற்றி உள்ளே திணிக்கப்பட்டிருந்தது. சூட்டில் டேப்பின் பசை இளகி விரலில் ஒட்டியது. சாலிடர் முனைகளைச் சுற்றி எறும்புக் கூட்டம். பெட்டிக்குப் பின்னால் இருப்பது பலகைச் சுவர். மாட்டிய தம்பியைக் கேட்டால், “5 வோல்ட்தானே அண்ணே, அது என்ன செஞ்சிடும்?” என்கிறார்.

இந்த ‘5 வோல்ட்தானே’ என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. 5 வோல்ட் என்பது சார்ஜரிலிருந்து வெளியே வருவது. உள்ளே போவது 230 வோல்ட். நம் வீட்டு அயர்ன் பெட்டிக்குப் போகும் அதே கரண்டு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரும் சில மில்லிமீட்டர் இடைவெளியும்தான். மலிவு சார்ஜர்களில் அந்த இடைவெளியிலும் மிச்சம் பிடித்திருப்பார்கள். கூட்டை உடைத்தால் இருந்த காப்பும் போயிற்று. காற்றோட்டமில்லாத பெட்டியில் இரவு பகலாக ஓடினால் சூடு எங்கே போகும்? ஈரம் ஏறினாலோ எறும்பு புகுந்தாலோ, பாட்டி விரல் வைக்கும் டேப்லெட் வரைக்கும் 230 வோல்ட் வந்து சேரலாம். சார்ஜர் சின்னதாக இருக்கிறது என்பதற்காக அதன் வயரிங்கைச் சின்ன வேலையாக நினைக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. நம் ஊர் வீடுகளில் விளக்கு சுவிச் பெட்டிக்குப் பெரும்பாலும் நியூட்ரல், அதாவது கரண்டு திரும்பிப் போகும் வயர், வராது. கரண்டு வரும் லைவும், அங்கிருந்து விளக்குக்குப் போகும் வயரும்தான் இருக்கும். சார்ஜருக்கு இன்னொரு முனை வேண்டுமே என்று, கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்க இருக்கும் எர்த் வயரைப் பிடித்துக் கட்டிவிடுகிறார்கள். 10 வாட் சார்ஜர் இழுப்பது 50 மில்லி ஆம்பியர் அளவில்தான். விளக்கு சர்க்யூட்டில் 100 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிச்) இருந்தால் டிரிப் ஆகாமலே போகலாம். வேலை செய்கிறதே என்று விட்டுவிடுகிறோம். என்றைக்காவது எர்த் இணைப்பு எங்கோ விட்டுப்போனால், அந்த எர்த்தில் சேர்ந்திருக்கும் வாஷிங் மெஷின் உடம்பு வரைக்கும் கரண்டு ஏறிவிடும். எர்த்தை நியூட்ரலாக்கும் ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள்.

சரி, பேட்டரிக்கு வருவோம். மணிக்கணக்காக அல்ல, மாதக்கணக்காக 100 சதவீதத்தில் நிற்பதும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரிக்குள் வாயு உண்டாகி உப்புகிறது. வெயில் படும் சுவரிலும், சாமி மேடை விளக்குக்கு மேலேயும் மாட்டாதீர்கள். பல டேப்லெட்டுகளில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி செட்டிங்ஸிலேயே இருக்கிறது, போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் டைமர் வைத்த பிளக் போதும்.

அப்புறம் கேபிள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மெல்லிய 3 மீட்டர் கேபிளில் 1 ஆம்பியர் ஓடினால், போகும்போதும் வரும்போதுமாக 1 வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். சார்ஜ் அடையாளம் தெரியும், சதவீதம் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். டேப்லெட் கெட்டுவிட்டது என்று வீசவேண்டாம், முதலில் தடிப்பான, நீளம் குறைந்த கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

ஒழுங்கான வழி இதுதான். டேப்லெட்டுக்குக் கீழே, கை எட்டும் இடத்தில், சுவிச் உள்ள 13 ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்று. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் போட்டதாக இருக்க வேண்டும். அதில் சிரிம் தர முத்திரையுள்ள, கூடு உடைக்காத முழு சார்ஜர், கண்ணுக்குத் தெரியும்படி. வயர் தெரியவே கூடாது என்றால் நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டு அனுப்பும் பிஓஇ முறை இருக்கிறது. ரௌட்டர் பக்கத்திலிருந்து 48 வோல்ட் அளவில் 100 மீட்டர் வரைக்கும் போகும். டேப்லெட் அருகே ஒரு சின்னப் பெட்டி அதை 5 வோல்ட்டாக்கிவிடும். பழைய பலகை வீடுகளுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன், 230 வோல்ட் பலகைக்குள் போகவே தேவையில்லை.

சாயங்கால இடியில் ஆர்சிசிபி விழுந்தால் டேப்லெட் சில மணி நேரம் தாக்குப் பிடித்து அணைந்துவிடும். கரண்டு திரும்பினாலும் பெரும்பாலானவை தானாக எழுந்துகொள்ளாது. மெயின் சுவிச்சுகள் இருக்கும் டிபி பெட்டியில் எந்த சுவிச்சைத் தூக்க வேண்டும், டேப்லெட்டில் எந்தப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று பெற்றோருக்கு ஒருமுறை காட்டிக் கொடுங்கள். அதே பெட்டியில் மின்னல் பாதிப்பைக் குறைக்கும் எஸ்பிடி கருவி பொருத்துவது நல்லது.

ஏற்கெனவே உப்பியிருந்தால் அழுத்தி ஒட்டாதீர்கள், குத்தாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, தீப்பிடிக்கும் பொருள் இல்லாத இடத்தில், சிமெண்டுத் தரையில் வையுங்கள். வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். அம்மா அப்பாவைப் பார்க்க ஊருக்கு வரும் பிள்ளைகளே, அடுத்த முறை வரும்போது டேப்லெட்டைக் கழற்றி அதன் முதுகை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள், தயவுசெய்து.