கடலைக்காட்டில் கார் துள்ளினால் காலரைத் திருகாதீர்கள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ரிமோட் கார் பழுது பார்க்கிறேன். எல்லை தாண்டி கோபாலபுரம், பொள்ளாச்சியில் இருந்தும் பையன்கள் வருவார்கள். இங்கே தனியாக டிராக் எதுவும் கிடையாது. கடலை பிடுங்கிய காடுதான் டிராக். மண்கட்டி, வேர், நடுவே ரெண்டு வரப்பு.

போன மாதம் ஒரு தம்பி 10க்கு 1 அளவு பக்கியோடு, அதாவது நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, மண்தடத்தில் ஓடும் ரிமோட் காரோடு வந்தான். "முன்னாடி ஆர்ம் மூணாவது தடவையா ஒடஞ்சிருச்சுங்ணா. ஸ்பிரிங்கை நல்லா டைட் வெச்சுட்டேன், அப்பவும் துள்ளுது." ஆர்ம் என்றால் சக்கரத்தைத் தாங்கும் கை. ஷாக் என்றால் அதோடு மாட்டியிருக்கும், ஸ்பிரிங் சுற்றிய எண்ணெய்க் குழல். பார்த்தால் நாலு ஷாக்கிலும் காலர், அதாவது ஸ்பிரிங்கை மேலிருந்து அழுத்தும் திருகு வளையம், அடிமட்டம் வரை இறங்கியிருந்தது.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். காலரைத் திருகினால் ஸ்பிரிங் விறைப்பாகாது, வண்டியின் உயரம்தான் ஏறும். விறைப்பு என்பது ஸ்பிரிங் கம்பியின் தடிமனிலும் சுற்றுகளின் எண்ணிக்கையிலும் இருக்கிறது. அது வேண்டுமென்றால் வேறு ஸ்பிரிங்தான் போட வேண்டும். காலரை இப்படி இறக்கிவிட்டால் ஷாக் முழுக்க நீண்டபடியே நிற்கும். குழி வந்தால் சக்கரம் கீழே இறங்க இடமில்லை, அந்தரத்தில் தொங்கும். மேட்டுக் காட்டில் சக்கரம் மேலே போனால் மட்டும் போதாது, கீழேயும் வர வேண்டும்.

தம்பியின் ஷாக் மூடியைக் கழற்றினேன். எண்ணெய் பாதிதான் இருந்தது, அதுவும் சாம்பல் நிறத்தில், நுரை கட்டி. தண்டை அழுத்தினால் சளக் சளக் என்று சத்தம். தண்டின் முனையில் இருக்கும் பிஸ்டன் காற்றுக்குள் ஓடினால் எதைப் பிடித்து நிறுத்தும்? ஸ்பிரிங் வண்டியைத் தாங்கும், அவ்வளவுதான். துள்ளலை அடக்குவது எண்ணெய். துடைத்துவிட்டு விளிம்பு வரை சிலிக்கான் எண்ணெய் ஊற்றி, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் ஆட்டி, பத்து நிமிடம் நிற்க வைத்தேன். குமிழி எல்லாம் மேலே வந்து உடைந்த பிறகுதான் மூடி போட வேண்டும். அவசரப்பட்டால் மறுபடி அதே சளக்.

கரடுமுரடான தடத்துக்கு இந்த அளவு பக்கியில் முன்னால் 400, பின்னால் 350 சி.எஸ்.டி (எண்ணெயின் கெட்டித்தன்மையைச் சொல்லும் அளவு) எண்ணெயில் ஆரம்பிப்பேன். கல்லில் தெறித்தால் 50 குறைப்பேன். வரப்பில் குதித்து அடித்தட்டு தரையில் மோதினால் 50 கூட்டுவேன். சித்திரை மதியம் பாலக்காட்டில் 40 டிகிரியைத் தாண்டும், எண்ணெய் இளகிவிடும். மார்கழிக் காலையில் கணவாய்க் காற்றில் சரியாக இருந்த எண்ணெய் அப்போது சரிப்படாது. பாட்டிலை எடுக்கும்போது அதில் போட்டிருக்கும் நம்பரைப் பாருங்கள். டிஃப் (இரு பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) எண்ணெயும் இதே மாதிரி பாட்டிலில்தான் வருகிறது, ஆனால் 5000, 10000 என்று இருக்கும். ஒருவர் தையல் மெஷின் எண்ணெய் ஊற்றிக் கொண்டு வந்தார். ரப்பர் வளையம் உப்பி, தண்டு அசையவே இல்லை. அவருக்கு வளையம் எல்லாம் புதுசு போட்டதில் எண்ணெய் காசைப் போல ரெண்டு மடங்கு ஆச்சு.

இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பியான ஆன்டி-ரோல் பார் இருந்தால் கழற்றி வையுங்கள். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் அது அடுத்த சக்கரத்தையும் இழுக்கும். அப்புறம், ஷாக்கைக் கழற்றிவிட்டு ஆர்மைத் தூக்கி விடுங்கள், தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். விழவில்லை என்றால் ஆர்மை மாட்டியிருக்கும் கீல் கம்பி வளைந்திருக்கும், இல்லை மண் அடைத்திருக்கும். அதைச் சரி பண்ணாமல் எண்ணெய் மாற்றிப் பிரயோஜனம் இல்லை.

எல்லாம் பூட்டிய பிறகு, பேட்டரியோடு ஒரு சாண் உயரத்தில் இருந்து வண்டியைக் கீழே விட்டுப் பார்ப்பேன். தொப்பென்று விழுந்து ஒரே தடவையில் உட்கார வேண்டும். தம்பியின் கார் முதலில் மூன்று தடவை ஆடியது, இப்போது உட்கார்ந்துவிட்டது.

கடைக்கு வருகிறவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்வேன். வண்டியைக் கழுவிக் கொண்டு வராதீர்கள். அடித்தட்டில் எங்கே கீறியிருக்கிறது, தண்டில் எந்த இடம் வரை புழுதி ஏறியிருக்கிறது என்று பார்த்தாலே ஷாக் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.