மேஜையில் ஆடும் டேப்லெட்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில், செக்யூரிட்டி கேபினில் ஒரு டேப்லெட் இருக்கிறது. வருகிறவர்களின் பெயர், வண்டி எண், போக வேண்டிய வீடு எல்லாம் அதில்தான் ஏறும். போன சித்திரையில் ஒரு நாள் செக்யூரிட்டி அண்ணன் என்னை நிறுத்தி, “சார், இது மேஜையில உக்கார மாட்டேங்குது, பாருங்க” என்றார். உண்மைதான். ஒரு மூலையை விரலால் அழுத்தினால் எதிர்மூலை எழும்பி ஆடியது. கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே நகம் நுழையும் அளவு இடைவெளி. ஸ்கிரீனின் நடுவில் வெளிறிய வட்டம் ஒன்று. உள்ளே பேட்டரி உப்பிவிட்டது. (அதை நான் அப்படி அழுத்தியிருக்கவே கூடாது. அது பிறகுதான் உறைத்தது.)

அதே டேப்லெட் என் வீட்டிலும் ஒன்று உண்டு. 2020 ஊரடங்கில் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக நான் வாங்கியபோது, சங்கமும் வாசலுக்கு ஒன்று வேண்டுமென்றது. ஒரே மாடல், ஒரே நாளில் இரண்டாக வாங்கினோம். வீட்டிலிருந்தது இப்போது அம்மாவின் கையில். தினமும் சீரியல், பட்டிமன்றம், ராத்திரி பேத்தியோடு வீடியோ கால். அது இன்னும் தட்டையாகத்தான் இருக்கிறது.

சங்கச் செயலாளருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகப் படவில்லை. “ரெண்டுக்கும் அஞ்சு வயசு ஆயிடுச்சு. ரெண்டையும் எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாமே” என்றார். டேப்லெட்டை எப்போது மாற்றுவது என்று யோசிக்கும்போது நாம் எல்லோரும் எண்ணுவது வருடத்தைத்தான். ஆனால் ஒரே நாளில் பிறந்த இரண்டில் ஒன்று வீங்கிக் கிடக்கிறது, இன்னொன்று ஜோராக ஓடுகிறது. அப்படியானால் வயதென்று நாம் எண்ணுவது எதை?

முதலில் பேட்டரி. ஒரு பக்கம் கோபால்ட் ஆக்சைடு போன்ற பொருள். அதில் லித்தியத்தைச் சேமித்துத் திரும்ப எடுக்கலாம் என்று 1980இல் காட்டியவர் ஜான் குட்இனஃப். மறுபக்கம் கரிப்பொருள். இரண்டையும் சேர்த்துப் பாதுகாப்பான பேட்டரியாக்கியவர் ஜப்பானின் அகிரா யோஷினோ. இந்தத் துறையைத் தொடங்கிவைத்த ஸ்டான்லி விட்டிங்ஹாமோடு சேர்த்து இருவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கோபால்ட் பக்கத்திலிருந்து கிளம்பி, நடுவிலுள்ள திரவத்தைக் கடந்து, கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. கொள்கையளவில் இந்தப் போக்குவரத்து காலாகாலத்துக்கும் நடக்கலாம்.

நடக்காததற்குக் காரணம் ஓர் ஏடு. பாலைக் காய்ச்சி இறக்கினால் மேலே ஆடை படிகிறதே, ஏறக்குறைய அதுபோல. தொழிற்சாலையில் முதல் சார்ஜ் ஏறும்போதே நடுத்திரவத்தில் கொஞ்சம் சிதைந்து கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. தடிமன் நானோமீட்டர் கணக்கில்தான். இந்த ஏடு கெட்டது அல்ல. லித்தியத்தை உள்ளே விட்டு, திரவத்தை வெளியிலேயே நிறுத்தி, மேற்கொண்டு சிதையாமல் காப்பதே அதுதான். அது இல்லையென்றால் இந்தப் பேட்டரியே இல்லை. சிக்கல் என்னவென்றால், ஏடு வளர்வது முழுதாக நிற்பதில்லை. லித்தியம் உள்ளே நுழைந்தால் கிராஃபைட் சுமார் 10 விழுக்காடு விரிகிறது, வெளியேறினால் சுருங்குகிறது. ஒவ்வொரு முறையும் ஏட்டில் நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. அந்த இடத்தில் புது ஏடு படிகிறது. ஒவ்வொரு படிவும் கொஞ்சம் லித்தியத்தைத் தின்றுவிட்டுத்தான் அடங்குகிறது. தின்ற லித்தியம் திரும்பி வராது. பேட்டரியின் கொள்ளளவு குறைகிறது என்பதில் பெரும்பகுதி இந்தக் கதைதான்.

ஏடு தடிக்கத் தடிக்க உள்தடையும், அதாவது பேட்டரிக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடையும், கூடும். 25 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்த டேப்லெட் கேமராவைத் திறந்ததும் பொசுக்கென்று அணைவது அதனால்தான். சார்ஜ் உள்ளே இருக்கிறது. ஆனால் திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்டால் உள்தடையில் மின்னழுத்தம் சரிந்து, கருவி அணைந்துகொள்கிறது.

இப்படித் தேய்வதைச் சுற்றுக் கணக்கில் சொல்வார்கள். இன்று பாதி, நாளை பாதி என்று செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. ஐபேடின் பேட்டரி 1000 சுற்றுக்குப் பிறகும் 80 விழுக்காடு வரை கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்கிறது ஆப்பிள். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் டேப்லெட்டுகள் 800 சுற்றைத் தாங்கி 80 விழுக்காட்டில் நிற்க வேண்டும் என்பது சட்டம். அம்மா ஒரு நாளைக்கு ஏறக்குறைய பாதி பேட்டரி செலவழிப்பார். வருடத்துக்கு 180 சுற்று, ஐந்து வருடத்தில் 900. பேட்டரி கிழடுதான், ஆனால் கணக்குப்படி கிழடு.

வாசல் டேப்லெட்டோ சார்ஜரை விட்டுப் பிரிந்ததே இல்லை. கரண்ட் போகும் நேரத்தைத் தவிர அதன் பேட்டரி வேலையே செய்யவில்லை. சுற்றுகளை எண்ணினால் ஐந்து வருடத்தில் நூறுகூடத் தேறாது. வேலையே செய்யாத பேட்டரிதான் முதலில் போயிருக்கிறது.

காரணம் இரண்டு, இரண்டும் சேர்ந்தால் ஆகாது. ஒன்று, 100 விழுக்காட்டிலேயே நிற்பது. முழு சார்ஜில் கோபால்ட் பக்கத்தின் லித்தியத்தில் பெரும்பங்கு வெளியேறி, மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். அந்த அழுத்தத்தில் பக்கத்திலிருக்கும் திரவத்தை அது மெல்ல ஆக்சிஜனேற்றம் செய்யத் தொடங்குகிறது. கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் பிறக்கின்றன. டார்ச்சில் போடும் செல்லுக்கு இரும்புக் கூடு உண்டு. டேப்லெட் பேட்டரி வெறும் அலுமினியத் தாள் பை. வாயு போக வழி இல்லை, பை உப்புகிறது. இரண்டாவது, வெப்பம். பத்து டிகிரி கூடினால் வேதிவினை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் என்பது வேதியியலில் பழைய தோராயக் கணக்கு. ஐபேடைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சூழல் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை. எங்கள் கேபினுக்குத் தகரக் கூரை, மேற்குப் பார்த்த ஜன்னல். கத்திரி வெயிலில் சென்னையே 40ஐத் தாண்டும்போது அந்தத் தகரத்துக்குக் கீழே எவ்வளவு இருக்கும் என்று நான் அளந்து பார்க்கவில்லை. அங்கே பத்து நிமிடம் நின்றால் சட்டை நனைந்துவிடும்.

ஹோட்டல் பில்லிங் மேஜையிலும் கடைக் கல்லாவிலும் சார்ஜரோடு கட்டிப்போட்ட டேப்லெட்டுகளுக்கு இதே கதிதான். ஓரத்தில் இடைவெளி தெரிகிறதா என்று அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.

சரி, பேட்டரி போனால் டேப்லெட்டே போனதாகிவிடாது. உப்பியதே ஆனாலும் அதைக் கழற்றி வேறு போடலாம். பசை போட்டு ஒட்டியிருப்பதால் பழகிய கை வேண்டும், அவ்வளவுதான். இதற்கிடையே உப்பியதை சார்ஜில் போடக் கூடாது, அழுத்திச் சமமாக்கப் பார்க்கக் கூடாது, குத்திக் காற்றை இறக்குவது தீயோடு விளையாடுவது.

‘ஸ்லோ ஆயிடுச்சு’ என்பது அடுத்த புகார். இதிலும் பாதி, மாற்றாமலே தீரும். ஸ்டோரேஜ் சில்லில் சின்னச் சின்னப் பக்கங்களாக எழுதலாம், ஆனால் அழிப்பதென்றால் பெரிய தொகுதியாகத்தான் அழிக்க முடியும். இடம் நிரம்பிவிட்டால் ஒன்றை எழுத நாலைத் தள்ள வேண்டும். எங்கள் பார்க்கிங்கில் உள்ளே மாட்டிக்கொண்ட காரை எடுக்க மற்ற கார்களையெல்லாம் நகர்த்துவது போல. கூகுளின் 2012 நெக்சஸ் 7 டேப்லெட் சில மாதங்களில் மந்தமாகிப் பலரைக் கடுப்பேற்றியது. அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு 4.3 வந்தபோது, அழித்த கோப்புகளின் இடம் காலி என்று சில்லுக்குச் சொல்லும் வசதி சேர்ந்தது, நிலைமை தேறியது. சில்லைத் தொடாமலே கிடைத்த வேகம் அது. இப்போதும் முதலில் செய்ய வேண்டியது வாட்ஸ்அப் வீடியோக்களைக் காலி செய்வதுதான். அம்மாவின் டேப்லெட்டில் ‘காலை வணக்கம்’ பூக்கள் மட்டும் 6 ஜிபி இருந்தன.

ராம் நினைவகம் போதாமல் வரும் மந்தம் வேறு. ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்புவதற்குள் முதலாவது மறுபடி முதலிலிருந்து திறக்கும். ராமைக் கூட்ட வழியில்லை, போர்டிலேயே பற்றவைத்தது.

நான் அதிக நேரம் யோசித்தது வேறொரு வயதைப் பற்றி. அதை நாம் குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. அப்டேட் எதுவரை வரும் என்பது.

முதல் ஐபேட் 2010 ஏப்ரலில் கடைக்கு வந்தது. ராம் 256 எம்பி. 2012இல் ஆப்பிளின் இயங்குதளமான ஐஓஎஸ் 6 வந்தபோது அதில் இந்த ஐபேடுக்கு இடமில்லை. இரண்டரை வருடத்தில் கதவு சாத்தியாயிற்று. ஒரே வருடம் பொறுத்து 2011இல் ஐபேட் 2 வாங்கியவர்களுக்கு 512 எம்பி கிடைத்தது, ஐஓஎஸ் 9 வரை, அதாவது 2016 வரை ஓட்டினார்கள். இன்னொரு ஜோடி: 2012இன் நான்காம் தலைமுறை ஐபேடும் 2013இன் ஐபேட் ஏரும். முன்னது 32 பிட் சில்லு, பின்னது 64 பிட் (சில்லு ஒரே வீச்சில் கையாளும் தரவின் அளவு அது). 2017இல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் முழுதாக வெளியே தள்ளப்பட்டது. அன்று அந்த நான்காம் தலைமுறை ஐபேடின் பேட்டரி எவ்வளவு நன்றாக இருந்தது என்பதற்கு அர்த்தமே இல்லை.

அப்டேட் நின்றதும் டேப்லெட் அணைந்துவிடுவதில்லை. அதனால்தான் பலர் இதைக் கவனிப்பதில்லை. முதலில் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் நிற்கும். பிறகு வங்கி ஆப் ‘இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாது’ என்னும். அப்புறம் வருவது விசித்திரமானது. ஒரு இணையதளம் தான் அசல்தான் என்று நிரூபிக்கச் சான்றிதழ் நீட்டும். அதை நம்பலாமா என்று பார்க்க, டேப்லெட்டுக்குள் ‘வேர்ச் சான்றிதழ்கள்’ என்ற பட்டியல் இருக்கும். அந்தச் சான்றிதழ்களுக்கும் காலாவதி தேதி உண்டு. கோடிக்கணக்கான தளங்களுக்கு இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த பழைய வேர் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அதன் புது வேரை அறிந்தவை ஐஓஎஸ் 10, ஆண்ட்ராய்டு 7.1.1, அவற்றுக்குப் பிந்தையவை மட்டும்தான். ஐபேட் 2 நின்றதோ ஐஓஎஸ் 9இல். வேர் காலாவதியான மறுநாள் காலையில், அதில் நேற்று வரை திறந்த தளங்கள் ‘பாதுகாப்பற்றது’ என்று கதவடைத்தன. பழைய ஆண்ட்ராய்டு மட்டும் வேரின் காலாவதியைச் சரிபார்க்கும் பழக்கம் இல்லாததால் தப்பியது. அந்த ஓட்டையையே பயன்படுத்தி லெட்ஸ் என்கிரிப்ட் அதற்கு 2024 செப்டம்பர் வரை அவகாசம் வாங்கிக் கொடுத்தது. பேட்டரி, ஸ்கிரீன், சில்லு எதுவும் கெடாத ஒரு கருவி, ஒரு தேதியால் கிழடாவது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

எங்கள் இரண்டு டேப்லெட்டுக்கும் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அமைப்புகளில் போய்ப் பார்த்தால் அந்தத் தேதி தெரியும். பேட்டரியில் வெவ்வேறாக இருந்த இரண்டும் இதில் ஒன்று.

இதை வைத்துத்தான் கணக்குப் போட்டேன். பேட்டரி மாற்ற 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்டேட் இன்னும் மூன்று வருடம் உண்டென்றால் வருடத்துக்கு 1,000 ஆகிறது. புதிது 24,000, ஆறு வருடம் ஓடும் என்றால் வருடத்துக்கு 4,000. பேட்டரியே மாற்றலாம், யோசிக்கவே வேண்டாம். அப்டேட் இன்னும் ஆறே மாதம் என்றால் அதே 3,000 வருடக் கணக்கில் 6,000 ஆகிவிடும். எங்களுடையது அதையும் தாண்டியது. வருகிறவர்களின் விவரமெல்லாம் இருக்கும் வாசல் டேப்லெட்டை அப்டேட் இல்லாமல் ஓட்டுவது சரியில்லை. மாற்ற வேண்டியதுதான். அம்மாவுடையதில் வங்கி ஆப் கிடையாது, கடவுச்சொல் ஏதும் பதிந்து வைக்கவில்லை. சீரியல் பார்க்க அது போதும்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் டேப்லெட்டை முன்னும் பின்னும் பார்க்கவில்லை, முதலில் கண்ணாடி மேஜையில் படுக்க வைத்தான். வாசல் டேப்லெட் ஆடியது. “இது எடுக்க மாட்டோம் சார்.” வீட்டு டேப்லெட் ஆடவில்லை. “2,200 சார், அதோட எக்ஸ்சேஞ்ச் போனஸ் 2,000.” எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வாங்கினால் என்ன விலை என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, கார்டில் கட்டினால் 2,000 குறையும் என்றான். இந்தக் கேள்வியைக் கேட்காமல் போனஸை யாரும் நம்ப வேண்டாம். வீட்டு டேப்லெட்டை விற்காமல் திரும்பிவிட்டேன்.

வாசல் டேப்லெட்டை மின்கழிவு வாங்குபவரிடம் கொடுக்கும் முன் அதிலிருந்த ஐந்து வருடப் பதிவுகளை அழிக்க வேண்டியிருந்தது. பேட்டரியில் மிச்சமிருந்த சார்ஜிலேயே ரீசெட் கொடுத்தேன். சில நிமிடங்களில் முடிந்தது. இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று செயலாளருக்குச் சந்தேகம். தரவு எல்லாம் ஏற்கெனவே பூட்டித்தான் எழுதப்பட்டிருக்கும், ரீசெட் செய்வது சாவியை அழிப்பது மட்டும். சாவி போனால் மிச்சம் கிடப்பது அர்த்தமற்ற எண்கள். கணக்கிலிருந்து வெளியேறாமல் ரீசெட் செய்தால் மட்டும் பழைய கணக்கின் பூட்டு அப்படியே நின்றுவிடலாம், அடுத்தவர் கையில் அது எதற்கும் உதவாத செங்கல்தான். விற்கப் போகிறவர்கள் முதலில் வெளியேற வேண்டும், பிறகுதான் ரீசெட்.

இப்போது வாசலில் புது டேப்லெட். அப்டேட் எத்தனை வருடம் என்று கேட்டுத்தான் வாங்கினோம். ஜன்னலை விட்டுத் தள்ளி, ஃபேனுக்கு நேரே மாட்டியிருக்கிறோம். சார்ஜ் 80க்கு மேல் ஏறாதபடி அமைப்பு ஒன்று அதில் இருந்தது, அதைப் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு இன்டர்காம் அடித்தது.

“சார், ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டும் 80-லயே நிக்குது. சார்ஜர் போலி போல இருக்கு, பில் இருக்கா?”