கலயத்தில் சுண்ணாம்பு, வாயில் எச்சில்

உடன்குடி, திசையன்விளைப் பக்கம் பனை ஏறுகிறவர்கள் பதனிக்குக் கட்டும் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாத கலயத்தில் விடிவதற்குள் கள்ளு. பாளையிலிருந்து சொட்டுவது இரண்டிலும் ஒரே சாறுதான். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதன் இனிப்பைத் தின்று புளிக்க வைக்கும். சுண்ணாம்பு இருந்தால் அவற்றின் ஆட்டம் செல்லாது. பிள்ளைகளுக்குப் பல் எப்படிச் சொத்தையாகிறது என்று யார் கேட்டாலும் நான் இந்தக் கலயத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

எங்கள் அக்கா மகனுக்கு இரண்டு வயசில் மேல்வரிசை முன்பல் நாலும் ஈறோரமாகப் பழுப்பேறி உதிர ஆரம்பித்தன. "பூச்சி அரிச்சிருக்கு" என்றார்கள் வீட்டில். ராத்திரி பாட்டிலில் என்ன கொடுக்கிறீர்கள் என்று பல் டாக்டர் கேட்டதும், அவன் ஆச்சிக்கு, அதாவது எங்கள் அம்மாவுக்கு, கோபம் வந்துவிட்டது. "சீனியா போட்டேன்? கருப்பட்டில்லா போட்டேன்!"

அம்மா சொன்னதில் கொஞ்சம் நியாயம் உண்டு. சீனியில் இல்லாத தாது உப்புகள் கருப்பட்டியில் இருக்கின்றன. ஆனால் அதன் பெரும்பகுதி சுக்ரோஸ் என்ற இனிப்பு, சீனியும் அதேதான். பல்லில் குடியிருக்கும் கிருமிக்குச் சிரட்டையில் வார்த்ததும் ஒன்றுதான், ஆலையில் காய்ச்சியதும் ஒன்றுதான். பூச்சி, புழு என்று வாயில் எதுவும் கிடையாது. 1924-இல் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்துப் பெயர் வைத்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியாதான் இதில் முக்கியமான ஆள். பிறக்கும்போது இது பிள்ளையின் வாயில் இருப்பதில்லை. கஞ்சியின் சூடு பார்க்க நாம் வாயில் வைத்த அதே கரண்டியோடு பெரும்பாலும் நம்மிடமிருந்தே போய்ச் சேருகிறது. அதற்காகப் பிள்ளையைக் கொஞ்சாமல் இருக்க முடியுமா? நம் சொத்தையை முதலில் அடைத்துக்கொள்வது நல்லது.

சுக்ரோஸ் கிடைத்தால் இந்தக் கிருமி இரண்டு வேலை செய்யும். ஒன்று, அதிலிருந்து குளூக்கான் என்ற பசையைச் செய்து பல்லோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் நாக்கால் பல்லைத் தடவினால் மாவு மாதிரி ஒரு படிவு தட்டுப்படுகிறதே, அதில் இந்தப் பசையும் சேர்த்தி. இன்னொன்று, மிச்ச இனிப்பைப் புளிக்க வைத்து அமிலமாக்கும். பல்லின் மேலோடான எனாமல், எடையில் 96 சதவீதம் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம். அமிலம் கூடக் கூட பிஹெச் என்ற அளவு இறங்கும்; அது 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரைய ஆரம்பிக்கும். பால்பல்லின் எனாமல் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். நிலைப்பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அதனால்தான் பிள்ளைகளின் சொத்தை சில மாதத்திலேயே நரம்பு வரை போய்விடுகிறது.

1940-களில் ஸ்டீபன் என்ற ஆராய்ச்சியாளர் சிலரைக் குளுக்கோஸ் கரைசலில் வாய் கொப்பளிக்க வைத்து, பல்லின் மேல் அமிலத்தை அளந்துகொண்டே இருந்தார். சில நிமிஷத்தில் பிஹெச் சடாரென்று விழுந்தது. திரும்ப ஏற அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. ஏற்றிவிட்டது எச்சில். எச்சிலில் இருக்கும் பைகார்பனேட் அமிலத்தை முறிக்கும்; கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்த இடத்தில் மறுபடி படியும். கலயத்துக்குச் சுண்ணாம்பு என்றால் வாய்க்கு எச்சில்.

தூங்கும்போது எச்சில் ஊறுவது ஏறக்குறைய நின்றுவிடும். பாட்டிலைச் சப்பிக்கொண்டே பிள்ளை கண் அசந்தால், கருப்பட்டிப் பால் மேல் முன்பல்லைச் சுற்றித் தேங்கி, சுண்ணாம்பு தடவாத கலயம் மாதிரி ராத்திரி முழுக்கப் புளிக்கும். கீழ் முன்பல் தப்பித்துவிடும். அதை நாக்கு மூடியிருக்கிறது, எச்சில் சுரப்பிகளின் வாயும் அதன் பின்னாலேயே திறக்கிறது. மேலே நாலும் போய், கீழே நாலும் முத்து மாதிரி இருந்தால் பாட்டில்தான் காரணம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பதுதான் இங்கே கணக்கு. அல்வாவுக்கு ஊரில் இருக்கிற கெட்ட பெயர் எனக்குக் கொஞ்சம் அநியாயமாகவே படுகிறது. மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு துண்டு தின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்கிற பிள்ளைக்குப் பிஹெச் ஒரு தடவைதான் விழும். சில்லுக்கருப்பட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சாயங்காலம் முழுக்க விளையாடுகிறவனுக்கு ஏற வழியே இல்லை.

மாசத்துக்கு ஒரு தடவை, வெயில் விழுகிற சன்னல் பக்கம் பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு அடித்தது போல மங்கலான வெள்ளைக் கோடு இருந்தால், சொத்தை அங்கேதான் பிறக்கிறது. குழி விழவில்லை என்றால் அதைத் திருப்பிவிடலாம். பழுப்பேறிக் குழி விழுந்துவிட்டால் டாக்டர்தான்.

முதல் பல் ஆறு மாசத்தை ஒட்டி, பெரும்பாலும் கீழே முளைக்கும். தேய்ப்பதும் அன்றைக்கே ஆரம்பம். ஆச்சிமார் காலை நீட்டிப் பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்டுவார்களே, அதே கிடைதான். தலை மட்டும் நம் வயிற்றுப் பக்கம். அப்போதுதான் மேல்பல் தெரியும். ராத்திரி தேய்ப்பதை விடவே கூடாது. அதற்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். மூன்று வயசு வரை ஃபுளோரைடு பேஸ்ட் ஒரு அரிசி அளவு போதும், அதுவும் அம்பை 16 மாதிரிக் குண்டு அரிசி. பிறகு ஆறு வயசு வரை பட்டாணி அளவு. ஃபுளோரைடு சேர்ந்து படிகிற எனாமல், பிஹெச் 4.5 வரை கரையாமல் தாக்குப்பிடிக்கும்.

அளவு மிஞ்சினால் இதே ஃபுளோரைடு ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் போடும். திருநெல்வேலிப் பக்கம் சில ஊர்களின் நிலத்தடி நீரில் இந்தத் தொந்தரவு உண்டு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. போர் தண்ணீர் மட்டுமே குடிக்கிற வீடென்றால் பரிசோதித்துவிட்டு, பேஸ்ட் விஷயத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"பால்பல்லுதானே, விழுந்துட்டுப் போகுது" என்றும் அம்மா அன்றைக்குச் சொன்னாள். முன்பல் ஆறேழு வயசில் விழும், சரி. இரண்டு, இரண்டரை வயசில் வருகிற பால் கடைவாய்ப்பல் பத்து, பதினொன்று வரை நிற்க வேண்டும். கீழே வளர்கிற பல்லுக்கு இடம் பிடித்துவைப்பது அதுதான். முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து வழியை அடைத்துவிடும்.

அக்கா மகனுக்கு இப்போது ஆறு வயசு. போன வாரம் கடைவாயில் வலிக்கு என்றான். டார்ச் அடித்துப் பார்த்தேன். கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, ஈறைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒரு முனை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதுவும் பால்பல்லுதானா?"

"இல்லம்மா. இது விழாது."

கையில் இருந்த டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டு, இன்னொரு தடவை டார்ச் அடிக்கச் சொன்னாள்.