6/6 பார்வையும் வாசிக்கும்போது வரும் கண் களைப்பும்

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளை வெள்ளவத்தையிலிருந்து அழைத்துவந்த தாயார் ஒருவர் சொன்ன முறைப்பாடு, எனது பரிசோதனை அறையில் நான் அடிக்கடி கேட்பதுதான்: புத்தகத்தைத் திறந்து அரை மணித்தியாலம் ஆகுமுன் நெற்றி வலிக்கிறது, நித்திரை வருகிறது, வாசித்த வரியையே திரும்பவும் வாசிக்கிறாள். ஏற்கெனவே இரண்டு இடங்களில் கண் பார்த்து, பார்வை 6/6, அதாவது தூரப்பார்வை இயல்பானது, கண்ணாடி தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு வீட்டில் அவளுக்குச் சோம்பேறி என்ற பெயரே மிஞ்சியது.

மூக்கிற்கு நேரே ஒரு பேனா முனையை மெல்ல நெருக்கிக் கொண்டுவந்தேன். ஏறக்குறைய 6 செ.மீ. வரையாவது ஒன்றாகத் தெரிய வேண்டிய அந்த முனை, அவளுக்கு 14 செ.மீ. தூரத்திலேயே இரண்டாகி, வலக்கண் வெளிப்புறமாக விலகியது.

அருகிலுள்ள எழுத்தைப் பார்க்க இரு கண்களும் மூக்கை நோக்கித் திரும்பி, அந்த நிலையிலேயே நிற்க வேண்டும். அது இயலாமல் தசைகள் ஓயாது போராடுவதையே கண்குவிவுக் குறைபாடு என்கிறோம். தூரத்தே பார்க்கும்போது கண்கள் ஏறத்தாழ இணையாக நிற்பதாலும், ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே தெளிவாகப் பார்ப்பதாலும், 6 மீற்றர் தொலைவிலுள்ள எழுத்து அட்டை இதைக் காட்டிக்கொடுப்பதில்லை. எழுத்துகள் அசைவதாகப் பிள்ளைகள் முறையிடுவதும் அரிது. எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு கண்ணைக் கையால் மறைத்தபடி வாசிக்கும் பிள்ளையைக் கண்டால், தயவுசெய்து அதட்டாதீர்கள்.

சிகிச்சை இருக்கிறது. 9 முதல் 17 வயதுவரையான 221 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், வாரந்தோறும் நிபுணரிடம் கண் பயிற்சி பெற்று வீட்டிலும் தொடர்ந்தவர்களுள் ஏறத்தாழ 73 சதவீதமானோர் 12 வாரங்களில் குணமடைந்தனர் அல்லது முன்னேறினர். வீட்டில் பென்சில் முனையை மூக்கை நோக்கி நெருக்கிப் பார்க்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் அது 43 சதவீதமே. ஆனால் 2019இல் வெளியான அடுத்த ஆய்வில், கண் பயிற்சி பெற்றவர்களின் வாசித்து விளங்கும் திறன், ஒப்பிடுவதற்காகப் போலிப் பயிற்சி பெற்றவர்களைவிடக் கூடவில்லை. ஆகவே பரீட்சைப் புள்ளிகள் உயரும் என்று நான் எந்தப் பெற்றோருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. பயிற்சியின் நோக்கம், கண்கள் சிரமமின்றி ஒன்றாக இயங்குவதே.

நாள் முழுவதும் கணக்கேடுகளுடனும் கணினியுடனும் இருக்கும் கொழும்புக் கோட்டை அலுவலகத்தினருக்கும் இதே தொல்லை வருகிறது. பெரியவர்கள் சிலருக்குப் பிரிஸம் (ஒளியின் திசையைத் திருப்பும் வில்லை) சேர்த்த வாசிப்புக் கண்ணாடி உதவும். கண் பரிசோதனைக்குச் செல்லும்போது, கிட்டப் பார்க்கையில் இரு கண்களும் சேர்ந்து இயங்குகின்றனவா என்று சோதிக்கும்படி வாய்விட்டுக் கேளுங்கள். திடீரென எல்லாம் இரண்டாகத் தெரிந்தாலோ, இமை சரிந்தாலோ, தலையில் அடிபட்ட பின் இவை தொடங்கினாலோ, பயிற்சியைப் பற்றி யோசிக்காமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.