ஈசிஹெச்எஸ் கார்டுல மனநல ட்ரீட்மென்ட்டும் உண்டு, மிலிட்டரி ஃபேமிலிங்க கவனிங்க

நம்ம வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் மிலிட்டரில ரிட்டயர் ஆனவங்க நிறைய பேர் ஈசிஹெச்எஸ் கார்டை (ரிட்டயர் ஆன படைவீரர் குடும்பங்களுக்கான சர்க்கார் மருத்துவ ஸ்கீம் கார்டு) சுகர், பிபி, கண் ஆபரேஷனுக்கு மட்டும்தான் எடுக்கிறாங்க. 2003 ஏப்ரல்ல ஆரம்பிச்ச இந்த ஸ்கீம்ல மனநல ட்ரீட்மென்ட்டும் சேர்த்திதான். பென்ஷன் வாங்குறவருக்கு மட்டுமில்ல, கார்டுல பேர் இருக்கிற மனைவிக்கும் உண்டு, இத்தனை வருஷம் அவர் ராத்திரி கத்தி எழுந்திரிக்கிறத பக்கத்துல இருந்து பாத்தவங்க அவங்கதானே.

முதல்ல உங்க பாலிகிளினிக், அதாவது ஈசிஹெச்எஸ் நடத்துற கிளினிக் போகணும். அங்க டாக்டர்கிட்ட சும்மா "உடம்பு சரியில்ல"ன்னு முடிச்சிடாதீங்க, தூக்கம் இல்ல, பட்டாசு சத்தத்துக்கு கை நடுங்குது, குடி ஜாஸ்தி ஆயிடுச்சு, கார்கிலோ இலங்கையோ எங்க டூட்டி பாத்தீங்க, எல்லாத்தையும் சொல்லுங்க. அவர் ரெஃபரல் குடுத்தா மிலிட்டரி ஆஸ்பத்திரியிலயோ ஈசிஹெச்எஸ் பேனல்ல சேர்த்திருக்கிற பிரைவேட் ஆஸ்பத்திரியிலயோ சைக்யாட்ரிஸ்ட்டை பாக்கலாம், கைக்காசு வேணாம். எமர்ஜென்சின்னா ரெஃபரலுக்கு காத்திருக்காம நேரா போயிடுங்க.

பென்ஷன் இல்லாம வெளிய வந்தவங்க பலருக்கு இந்த கார்டு கிடைக்காது. அவங்க ஸ்டான்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு போலாம், அங்க சைக்யாட்ரி ஓபி இருக்கு. "கீழ்ப்பாக்கம் கேஸு"ன்னு எவனாவது சிரிப்பான்னு பயந்தே பாதி பேர் வீட்டுல முடங்கிடுறாங்க, சிரிக்கிறவனா வந்து மாத்திரை வாங்கித் தரப்போறான்? நேர்ல போக கூச்சமா இருந்தா சர்க்காரோட டெலி மானஸ் மனநல ஹெல்ப்லைன் 14416க்கு போன் போடுங்க, ஃப்ரீ, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். படைவீரர் குடும்பங்களுக்குன்னே 2023 டிசம்பர்ல புனே ராணுவ மெடிக்கல் காலேஜ்ல இந்த ஹெல்ப்லைனோட தனி பிரிவும் தொடங்கியிருக்காங்க.

இன்னொரு முக்கியமான மேட்டர் டிசபிலிட்டி பென்ஷன். மனநோய்ன்னு மெடிக்கல் போர்டு போட்டு அனுப்பியிருந்தா, அது சர்வீஸாலதான் வந்துச்சு இல்ல சர்வீஸால மோசமாச்சுன்னு ஒத்துக்கிட்டு டிசபிலிட்டி 20 பர்சென்ட்டுக்கு குறையாம போட்டிருந்தா பணம் உண்டு. "பரம்பரை வியாதி"ன்னு எழுதி தள்ளிவிட்டவங்களும் அப்படியே விட்டுடாதீங்க. 2013ல தரம்வீர் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, சேரும்போது எடுத்த மெடிக்கல்ல அந்த வியாதி பத்தி ஒண்ணும் எழுதலன்னா சர்வீஸ்ல வந்ததாதான் எடுத்துக்கணும், இல்லன்னு நிரூபிக்க வேண்டியது டிபார்ட்மென்ட். 2023 செப்டம்பர்ல ரூல்ஸ் மாறிடுச்சு, அதுக்கப்புறம் வெளிய வந்தவங்க புது ரூல்ஸையும் பாத்துக்கணும். அப்பீல் தள்ளுபடி ஆனா சென்னையிலயே ஆயுதப்படை தீர்ப்பாயம் பெஞ்ச் இருக்கு, டெல்லி வரைக்கும் அலைய வேணாம். போறப்ப டிஸ்சார்ஜ் புக், மெடிக்கல் போர்டு பேப்பர், பழைய மருந்துச் சீட்டு எல்லாம் ஜெராக்ஸோட எடுத்துட்டு போங்க, ஒரிஜினலை யார் கேட்டாலும் கைல குடுத்துட்டு வராதீங்க.