வேறு வைத்த புள்ளிக்கு ஒரு வீடு: நகர்ப்புற வீட்டுத் திட்டம் செட்டிநாட்டில் யாருக்குக் கிடைக்கும்?

"அண்ணே, எங்க ஐயா, அதான் தாத்தா, கட்டின வீடு ஊர்ல இருக்கு. நான் காரைக்குடியில வாடகைக்கு இருக்கேன். எனக்கு அரசாங்கத்து வீட்டுப் பணம் வருமா, வராதா?"

நம் பக்கத்தில் 'எவ்வளவு தருவார்கள்' என்பதைவிட இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. கேட்பதில் நியாயம் இருக்கிறது. தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. அதே ஊரில் ஒற்றை அறைக்கு வாடகை கொடுத்து முடியாமல் தையல்காரரும் கொத்தனாரும் பலகாரம் சுடுகிறவர்களும் திணறுகிறார்கள். வீடு இருக்கிறது என்பது வேறு, அது யார் பெயரில் இருக்கிறது என்பது வேறு. திட்டத்தின் முடிச்சு முழுக்க அந்தப் பெயரில்தான் விழுகிறது.

முதலில் நீங்கள் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கிராம ஊராட்சிக்கு ஒரு திட்டம், நகரத்துக்கு ஒரு திட்டம். காரைக்குடி 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம், அரியக்குடி போன்ற ஊராட்சிகளும் அதனோடு சேர்ந்தன. நேற்று வரை ஊராட்சியாக இருந்த இடத்துக்கு, குடிசையை மாற்றிக் கட்ட 3.50 லட்சம் ரூபாய் தருவதாக 2024-ல் தொடங்கிய 'கலைஞரின் கனவு இல்லம்' போன்ற ஊரகத் திட்டங்கள் பொருந்தின. மாநகராட்சிக்குள் வந்த பிறகு அந்தக் கதவு அடைபட்டுவிடும். பிரதமர் வீட்டுத் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவுதான் அவர்களுக்கு உரியது. ஊராட்சி அலுவலகத்தில் முன்பு மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள், அது இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். தேவகோட்டை நகராட்சி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் பேரூராட்சிகள் எல்லாம் நகர்ப்புறக் கணக்கு. ஆத்தங்குடி கிராம ஊராட்சி. அங்கே இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் இனிச் சொல்லும் நகர்ப்புறத் திட்டத் தொகைகள் பொருந்தாது.

நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டம், அதாவது பி.எம்.ஏ.ஒய் நகர்ப்புறம் 2.0, 2024 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஐந்தாண்டுகளில் நாடு முழுக்க 1 கோடிக் குடும்பங்கள் என்பது இலக்கு. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை இருந்தால் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு, 6 லட்சம் வரை குறைந்த வருவாய்ப் பிரிவு, 9 லட்சம் வரை நடுத்தர வருவாய்ப் பிரிவு. அதற்கு மேல் போனால் திட்டத்தில் இடமில்லை. தமிழ்நாட்டில் இதை நடத்துவது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். பழைய பெயரில் சொன்னால் குடிசை மாற்று வாரியம். 2021-ல் பெயர் மாறியது.

புள்ளிக் கணக்கு

திட்டத்தில் 'குடும்பம்' என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். அவ்வளவுதான். இந்தக் குடும்பத்தில் யார் பெயரிலும் இந்தியாவில் எந்த ஊரிலும் நிரந்தரக் கட்டுமான வீடு இருக்கக் கூடாது. கடந்த 20 ஆண்டுகளில் வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் பயன் பெற்றிருக்கவும் கூடாது.

இதை நம் ஊர்க்காரர்களுக்குப் புரிய வைப்பது எளிது. நகரத்தார் வீடுகளில் கல்யாணமான மகனை வேறு வைப்பார்கள். ஒரே வளவுக்குள் இருந்தாலும் அடுப்பு தனி, அரிசி தனி. கோயில் கணக்கில் அந்தத் தம்பதி ஒரு தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம். அரசின் கணக்கும் கிட்டத்தட்ட அதே புள்ளிக் கணக்குதான். கல்யாணமான மகன் தன் அப்பா வீட்டிலேயே இருந்தாலும், அந்த வீடு அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டி அவர் பெயரில் இருக்கும் வரை அது மகனுடைய வீடு அல்ல. மகனும் மருமகளும் தனிக் குடும்பமாக மனுச் செய்யலாம். 'அப்பாவுக்கு மச்சு வீடு இருக்கிறது, உனக்கு எதற்கு' என்று யாராவது திருப்பி அனுப்பினால், குடும்பம் என்பதற்குத் திட்டம் சொல்லும் விளக்கத்தை எடுத்துக் காட்டுங்கள்.

அப்பா இறந்துவிட்டால்தான் கதை மாறுகிறது. வாரிசாகிய உங்களுக்கு அந்த வீட்டில் பங்கு வந்துவிடுகிறது. ஐயா காலத்து வீடு என்றால் பங்காளிகள் பத்துப் பேர், இருபது பேர்கூட இருப்பார்கள். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. வீட்டு வரி ரசீது இன்னும் ஐயா பெயரிலேயே வந்துகொண்டிருக்கும். பெயர்தான் மாறவில்லையே என்று எண்ணி, 'வீடே இல்லை' என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்த உறுதிமொழிக்கு நீங்கள்தான் சட்டப்படி பொறுப்பு. பங்கு இருப்பதை எழுத்தில் சொல்லி, தகுதி உண்டா என்று மாநகராட்சியிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு மேலே போவதுதான் சரி.

பாகம் பிரிக்க முடிகிற குடும்பங்கள் இனியும் தள்ளிப்போடக் கூடாது என்பது என் கருத்து. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து, பட்டா மாறுதலுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். குடும்பத்துக்குள் பிரிப்பதற்கு முத்திரைக் கட்டணம் 1 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 1 விழுக்காடு. 2023 ஜூலையில் மாற்றியபடி, பங்கு ஒன்றுக்கு முன்னதில் 40,000 ரூபாயும் பின்னதில் 10,000 ரூபாயும்தான் உச்சவரம்பு. 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் பெண் பிள்ளைகளுக்கும் பிறப்பிலேயே சமபங்கு உண்டு. கட்டிக் கொடுத்த ஆச்சிமாரை, அதாவது சகோதரிகளை, விட்டுவிட்டு எழுதிய பத்திரம் பின்னால் கோர்ட்டில் நிற்கும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். 'பங்கை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் வீடில்லாதவர் ஆகிவிடலாம், திட்டத்தில் பணம் வாங்கலாம்' என்று சிலர் யோசனை சொல்வார்கள். திட்டம் தரும் இரண்டரை லட்சத்துக்காக ஐயா வீட்டுப் பங்கைக் கைவிடாதீர்கள். பர்மாத் தேக்குத் தூண் ஒன்றின் மதிப்பு என்ன என்று அதை வாங்கி விற்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

சொந்த மனையில் கட்டுவது

திட்டத்தின் நான்கு பிரிவுகளில் நம் பக்கத்து ஏழைக் குடும்பங்களுக்கு அதிகம் பொருந்துவது, தன் மனையில் தானே கட்டிக்கொள்ளும் பிரிவு. வருமானம் 3 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். ஒன்றிய அரசு 1.50 லட்சம், மாநில அரசு குறைந்தது 1 லட்சம். வீட்டின் உள்பரப்பு 30 முதல் 45 சதுர மீட்டர். அடிக்கணக்கில் ஏறத்தாழ 323 முதல் 484 சதுர அடி.

மனை உங்கள் பெயரில் இருக்க வேண்டும். நத்தம் என்றாலும் பட்டா கையில் இருக்கட்டும். மனையே இல்லாதவர்களுக்கு மாநில அரசு பட்டா கொடுத்து இதே பிரிவில் சேர்க்கத் திட்டம் இடம் தருகிறது. ஆனால் ஊருணிக் கரை, கண்மாய்ப் புறம்போக்கு இவற்றில் எத்தனை வருடம் குடியிருந்தாலும் பட்டா எதிர்பார்க்க முடியாது. நீர்நிலை விஷயத்தில் நீதிமன்றங்கள் கண்டிப்பாக இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் மாற்று இடம் கேட்டு மனுக் கொடுப்பதுதான் வழி.

புதிதாக மனை வாங்கிக் கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாநகராட்சி என்ற பெயர் வந்ததும் சாலை ஓரமெல்லாம் கல் நட்டு மனை விற்கிறார்கள். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2017-ல் வந்த வரன்முறை விதிகள் 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்காக வந்தவை. அதன் பிறகு பிரித்து விற்ற அங்கீகாரமில்லாத மனையை வாங்கினால் கட்ட அனுமதி வாங்குவதற்குள் வாழ்க்கை போய்விடும். மனையை மனைவி பெயரில் வாங்குங்கள். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சத்துக்குட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு. திட்டமும் வீடு குடும்பத் தலைவி பெயரிலோ இருவர் பெயரிலுமோ இருப்பதையே விரும்புகிறது.

வரைபட அனுமதிக்கு முன்போல அலைய வேண்டாம். 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது: 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டுவதென்றால், இணையத்தில் பதிவேற்றிக் கட்டணம் செலுத்தியதும் அனுமதி கிடைத்துவிடும்.

பணம் மொத்தமாக வராது. காலி மனை, அடித்தளம், லிண்டல், கூரை என்று ஒவ்வொரு கட்டமாகப் படம் எடுத்து, இடத்தின் குறியோடு ஏற்றுவார்கள். வேலை ஏற ஏறத்தான் தவணை இறங்கும். திட்டத்தின் ஆணை கைக்கு வருவதற்கு முன் அடித்தளத்துக்கு வானம் தோண்டிவிடாதீர்கள். முதல் படம் மனை இருக்கும் நிலையைக் காட்டுவது.

இப்போது கசப்பான கணக்கு. சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று குறைவாகவே வைத்தாலும் 323 சதுர அடிக்கு 6.46 லட்சம். உதவி 2.50 லட்சம். மீதி ஏறத்தாழ நாலு லட்சம் நீங்கள் போட வேண்டும். இந்த இடைவெளியை எப்படி அடைப்பது என்று தீர்மானிக்காமல் தொடங்கிய வீடுகள் லிண்டலோடு நிற்பதை நம் கண்ணாலேயே பார்க்கிறோம். இருந்த ஓட்டு வீட்டையும் இடித்துவிட்டு, கீற்றுக் கொட்டகையில் மழைக்காலத்தைத் தள்ளும் குடும்பத்தைப் பார்த்தால் மனது தாங்காது. ஆணை வந்த அன்றே கொத்தனாரோடு உட்கார்ந்து, எந்தத் தவணை வரை கைக்காசு தாங்கும் என்று எழுதிப் பாருங்கள். கந்துவட்டிக்கு மட்டும் போகாதீர்கள்.

கடன் வாங்குபவர்களுக்கு

வருமானம் 9 லட்சம் வரை உள்ளவர்கள் வட்டி மானியப் பிரிவுக்கு வரலாம். வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், வீட்டின் உள்பரப்பு 120 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். கடன் 2024 செப்டம்பர் 1 அன்றோ அதன் பிறகோ வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். மானியம் 25 லட்சம் முழுமைக்கும் இல்லை, முதல் 8 லட்சத்துக்கு மட்டும், 12 ஆண்டுக் கணக்கில் 4 விழுக்காடு. கைக்கு வருவது அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து ஆண்டுத் தவணைகளாக. ஒவ்வொரு தவணையின்போதும் கடன் நடப்பில் இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்பினான் என்று கடனை அவசரமாக அடைத்தால் மீதித் தவணை நின்றுவிடும். வட்டி மிச்சம் பெரிதா, தவணை பெரிதா என்று வங்கியில் கணக்குப் போட்டுக் கேளுங்கள். ஒரு குடும்பம் ஒரு பிரிவில் மட்டுமே பயன் பெறலாம். கட்டும் உதவியும் வட்டி மானியமும் சேர்ந்து கிடைக்காது.

மற்ற இரண்டில் ஒன்று, வாரியமோ தனியாரோ கட்டும் அடுக்குமாடியில் நலிந்த பிரிவினருக்கு வீடு. இன்னொன்று வாடகை வீடுகள்: வேலை தேடி வந்தவர்கள், வேலைக்குப் போகும் பெண்கள், மாணவர்கள் ஆகியோருக்குக் குறைந்த வாடகையில். அழகப்பா பல்கலைக்கழகமும் சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் இருக்கும் ஊருக்கு, என் பார்வையில், மிகவும் தேவைப்படுவது இந்த வாடகைப் பிரிவுதான். பணம் கொடுத்துக் கட்டச் சொன்னால் மனை உள்ளவருக்குத்தான் போய்ச் சேரும். மனையும் இல்லாமல் செக்காலையிலும் கழனிவாசலிலும் வாடகைக்கு இருப்பவர்களுக்கு அது எட்டாது. மாமன்ற உறுப்பினரிடம் இதைக் கேட்க வேண்டியது நாம்தான்.

அதுவரை வாடகைக்கு இருப்பவர்கள், 2019 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டு எழுதிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டால், அந்தப் பாதுகாப்பை நீங்களே விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

மனு இணையத்தில் பி.எம்.ஏ.ஒய் தளத்திலோ, பொதுச் சேவை மையத்திலோ, மாநகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்திலோ செய்யலாம். வீட்டில் உள்ள எல்லோருடைய ஆதாரும், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கும், வருமானச் சான்றும், சாதிச் சான்றும், மனைப் பத்திரமும் பட்டாவும் வேண்டும். ஆதாரில் ஒரு முதலெழுத்து, பட்டாவில் இன்னொரு முதலெழுத்து என்றால் அதை முதலில் சரி செய்யுங்கள். விதவைகள், தனித்து வாழும் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், மூத்த குடிமக்கள், திருநர்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், தூய்மைப் பணியாளர்கள், தெருவோர வியாபாரிகள், கட்டடத் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு. அதற்கான அட்டையையும் சேர்த்து வையுங்கள். பட்டியலில் பெயர் சேர்க்க என்று தரகருக்கு ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை.

மனு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'இல்லை' என்று வாய்மொழியாகச் சொன்னால் ஏற்காதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தரவில்லையென்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். நிராகரிப்புக்குக் காரணம் ஐயா வீட்டுப் பங்கு என்று அதில் எழுதி வந்தால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பங்காளிகளைக் கூப்பிட்டு உட்காருங்கள். அடுத்த படைப்புக்கு, அதாவது முன்னோர் வழிபாட்டுக்கு, எல்லோரும் ஊருக்கு வருவார்கள் அல்லவா, அப்போதே பேசிவிடலாம்.