உள்ளடக்கமா, சேர்த்தியா?

“மாற்றுத்திறனாளிகளை உள்ளடக்குவோம்.”

டிசம்பர் 3 நெருங்கும்போதெல்லாம் இந்த வாசகம் எங்காவது கண்ணில் பட்டுவிடுகிறது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1992இல் அந்த நாளை மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச நாளாக அறிவித்தது. அன்றைக்குப் பதாகை பிடிப்பதும் துண்டறிக்கை கொடுப்பதும் நல்ல காரியம்தான். அவற்றில் என்ன எழுதுகிறோம் என்பதுதான் என் கவலை. இந்த வாசகம் அச்சான துண்டறிக்கை ஒன்றை, சக்கர நாற்காலியில் இயங்கும் என் தோழியிடம் காட்டினேன். படித்துவிட்டு, “என்னை எதுக்குள்ள அடக்கப் போறாங்களாம்?” என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே கோபம். எனக்கும் அந்தச் சொல் பல வருடமாக நெருடிக்கொண்டிருக்கிறது. அதனால் இந்த விளக்கம்.

‘உள்ளடக்கு’ என்பதற்கு ஆங்கிலத்தில் மூலச் சொல் இன்க்ளூஷன். லத்தீனில் ‘இன்’ என்றால் உள்ளே, ‘க்ளாடெரே’ என்றால் மூடுதல். இரண்டும் சேர்ந்து, உள்ளே வைத்து மூடுதல். எதிர்ச்சொல்லான எக்ஸ்க்ளூஷன், வெளியே தள்ளிக் கதவைச் சாத்துதல். வேர் அவ்வளவுதான்.

உரிமைப் பேச்சில் இந்தச் சொல்லின் பொருள் வேரை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. 1994இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் வெளியான கல்விப் பிரகடனம் இதை உலகமெங்கும் கொண்டுபோனது. 2006 டிசம்பர் 13 அன்று ஏற்கப்பட்டு 2008 மே 3 அன்று நடைமுறைக்கு வந்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, தன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாகவே இதை வைத்தது. அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2016இல் கல்வி பற்றி ஒரு விளக்கம் எழுதியது. அதில் நான்கு நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறார்கள். பள்ளிக்குள்ளேயே விடாதது ஒன்று. தனிப் பள்ளியில் பிரித்து வைப்பது இன்னொன்று. மூன்றாவது, பொதுப் பள்ளியில் இடம் கொடுத்துவிட்டு, ‘இங்கே இருப்பதற்கு ஏற்ப நீ மாறிக்கொள்’ என்று பிள்ளையிடம் சொல்வது. நான்காவதுதான் இன்க்ளூஷன்: பிள்ளைக்கு ஏற்ப பள்ளி மாறுவது. படியோடு சாய்தளம் கட்டுவது, பாடத்தைப் பிரெய்லில் தருவது, சைகை மொழி தெரிந்த ஆசிரியரை அமர்த்துவது, தேர்வு வைக்கும் முறையையே மாற்றுவது எல்லாம் இதில் வரும். மாற வேண்டியது யார் என்பதுதான் மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள வேறுபாடு.

இதைத் தமிழில் ‘உள்ளடக்கம்’, ‘உள்ளடக்கல்’, ‘உள்ளடக்கிய’ என்கிறார்கள். முதலில் அந்த ‘அடக்கு’ என்ற வினையைப் பாருங்கள். நாம் எதையெல்லாம் அடக்குகிறோம்? கோபத்தை அடக்குகிறோம், அழுகையை அடக்குகிறோம், கலவரத்தை அடக்குகிறோம். அதிகாரம் மக்களை அடக்கினால் அதற்கு அடக்குமுறை என்று பெயர். இறந்தவரைப் புதைத்தால் நல்லடக்கம். ஒரு மனிதரை இரண்டாம் வேற்றுமையில் நிறுத்தி, ‘அவரை அடக்கு’ என்றால் தமிழ் காதுக்கு வேறெந்தப் பொருளும் கேட்காது. முன்னால் ‘உள்’ என்று ஒட்டினால் அடங்காத பொருள் அடங்கிவிடுமா? உரிமை இயக்கம் எதை எதிர்த்துப் பிறந்ததோ, அந்தச் சொல்லையே அதன் நெற்றியில் எழுதி வைத்திருக்கிறோம்.

பொருள்களுக்கு இது நல்ல சொல். ‘இந்த விலை வரியையும் உள்ளடக்கியது’, ‘இந்தத் தொகுதி முப்பது கட்டுரைகளை உள்ளடக்கியது’ என்றெல்லாம் தாராளமாக எழுதலாம். நூலின் பொருளடக்கமும் அதே வழியில் வந்ததுதான். பெட்டிக்குள் சாமான் அடங்கும், புத்தகத்துக்குள் கட்டுரை அடங்கும். மனிதர்கள் சாமான் இல்லையே. அதிலும் இவர்கள் விஷயத்தில் ‘உள்ளே’ என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக எத்தனையோ பேரை வீட்டின் பின்னறையிலும் காப்பகங்களின் பூட்டிய கதவுகளுக்குப் பின்னாலும் வைத்திருந்தது உலகம். அவர்கள் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தார்கள்! வெளியே வந்து மற்றவர்களோடு தெருவில் நடக்கவும், எங்கே யாரோடு வாழ்வது என்று தாங்களே முடிவெடுக்கவும்தான் உடன்படிக்கையின் 19ஆம் பிரிவை எழுத வைத்தார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நன்கு படித்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் என்னிடம் சொன்னது: “மூலத்திலேயே உள்ளே மூடுதல் என்றுதானே இருக்கிறது? உள்ளடக்கம் வேருக்கு உண்மையான சொல்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது லத்தீன் கதவு சாத்தப்படும் ஓசை அவருக்குக் கேட்பதில்லை. அந்த வேர் அங்கே செத்து எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது. நம் ‘அடக்கு’ அப்படியா? அம்மா பிள்ளையிடம் ‘வாயை அடக்கு’ என்று இன்றைக்குக் காலையிலும் சொல்லியிருப்பார். அவர்களுடைய செத்த வேரை நம்முடைய உயிருள்ள வினையால் பெயர்த்தால், அவர்கள் சொல்லாத ஒன்றை நாம் சொன்னதாக ஆகிவிடும்.

இலக்கணத்திலும் இடிக்கிறது. ‘உள்ளடக்கு’ செயப்படுபொருள் கேட்கும் வினை. ‘அனைவரையும் உள்ளடக்கிய கல்வி’ என்றால் வாக்கியமாவது நிற்கும். சுருக்குகிறோம் என்று ‘உள்ளடக்கிய கல்வி’, ‘உள்ளடக்கிய வளர்ச்சி’, ‘உள்ளடக்கிய சமூகம்’ என்று நறுக்கிவிட்டார்கள். எதை உள்ளடக்கிய கல்வி? யாரை உள்ளடக்கிய சமூகம்? யாருக்காக இந்தச் சொல் வந்ததோ, அவர்களையே வெட்டி வெளியே போட்டுவிட்டு மிச்சத்தை வைத்திருக்கிறோம். இணையப் பக்கங்களில் இருக்கும் எழுத்து, படம் எல்லாவற்றுக்கும் ‘உள்ளடக்கம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டதால் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. ‘உள்ளடக்கிய உள்ளடக்கம்’ என்று ஒரு பயிற்சிக் கையேட்டில் நானே படித்திருக்கிறேன். பார்வையற்றவரும் படிக்கும்படி இணையப் பக்கங்களை அமைப்பது பற்றிய அத்தியாயம் அது. தலைப்பைப் பார்த்து யாருக்கு என்ன புரிந்திருக்கும்?

மற்ற மொழியாக்கங்களும் உலவுகின்றன. ‘ஒருங்கிணைப்பு’ மூன்றாவது நிலைக்குரிய சொல், அதை நான்காவதுக்கும் போட்டால் இரண்டுக்குமான வேறுபாடே போய்விடும். இலங்கைத் தமிழில் வழங்கும் ‘உட்படுத்தல்’, விசாரணையையும் சோதனையையும் நினைவுபடுத்துகிறது. ‘உள்வாங்கல்’ என்றால் எனக்குக் கடல்தான் நினைவுக்கு வரும். ‘அரவணைப்பு’ இனிமையான சொல், அதனாலேயே ஆபத்தானதும்கூட. அணைக்கிறவர் பெரியவர், அணைக்கப்படுகிறவர் சிறியவர். உரிமையைக் கேட்டவரிடம் கருணையை நீட்டுவது அது.

சரி, என்ன சொல்லலாம்?

தமிழில் இதற்கு எதிர்ச்சொல் தெளிவாக இருக்கிறது: ஒதுக்குதல். ‘ஒதுக்கி வைத்துவிட்டார்கள்’ என்றால் விளக்கமே தேவையில்லை. ஒதுக்குதலுக்கு எதிர் என்ன என்று யாரைக் கேட்டாலும் ‘சேர்த்தல்’ என்றுதான் பதில் வரும். ‘சேர்’ என்ற வினைக்கு ஒரு சிறப்பும் உண்டு. நான் சேர்ந்தேன், என்னைச் சேர்த்தார்கள், இரண்டும் அதிலிருந்தே வரும், இரண்டிலும் மரியாதை குறையாது. ‘நான் அடங்கினேன், என்னை அடக்கினார்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். உரிமை தொடர்பான எந்தச் சொல்லையும் அதற்குரியவர் தன்மையில், ‘நான்’ என்று வைத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அவர் வாயில் கூசும் சொல் பதாகைக்கு ஆகாது.

சேரிலிருந்து பிறந்த பெயர்களில் ‘சேர்க்கை’ பள்ளி அனுமதிக்குப் போய்விட்டது. ‘சேர்த்தி’ மிச்சம் இருக்கிறது. ‘அவன் சேர்த்தியா?’, ‘இது கணக்கில் சேர்த்தி இல்லை’ என்று பேச்சில் சாதாரணமாகப் புழங்கும் சொல். ஒரு கூட்டத்தில் முழு ஆளாக எண்ணப்படுவதுதான் சேர்த்தி. சேர்க்கைக்கும் சேர்த்திக்கும் உள்ள இடைவெளியைச் சொல்லவே இந்த இரண்டு சொற்களும் தமிழில் இருப்பது போல எனக்குத் தோன்றும். சேர்க்கை ஒரு நாளில் முடியும். பதிவேட்டில் பெயர் எழுதினால் போதும். சேர்த்தி வகுப்பிலும் விளையாட்டிடத்திலும் சாப்பிடும் இடத்திலும் தினமும் நடக்க வேண்டியது. சேர்க்கை நடந்த அன்றே சேர்த்தியும் முடிந்துவிட்டதாக நினைக்கும் பள்ளிகளும் அலுவலகங்களும் எத்தனை!

அப்படி நினைப்பதற்கும் நம் மொழியில் ஒரு பெயர் இருக்கிறது, சொல்லவே வருத்தமாக இருக்கிறது: ஒப்புக்குச் சப்பாணி. ‘உப்புக்குச் சப்பாணி’ என்றும் சொல்வார்கள். பிள்ளைகள் விளையாட்டில் ஒரு சின்னப் பிள்ளையை அழாமல் இருக்கச் சேர்த்துக்கொள்வார்கள். ஓடும், பிடிக்கும், ஆனால் அதன் ஆட்டம் கணக்கில் வராது. சப்பாணி என்றால் கால் இயங்காதவர். கால் இயங்காதவர் விளையாட்டில் இருந்தால் கணக்கில் வர மாட்டார் என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தால் அது வழக்காகவே ஆகியிருக்கும்! இனி யாரும் இதைச் சொல்லக்கூடாது என்பேன். ஆனால் சேர்த்தி எது இல்லை என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் வழக்கும் வேறில்லை. குழுவில் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராகப் போட்டுவிட்டு, கூட்டத்தை மாடிப்படி ஏறிப் போகும் அறையில் நடத்துகிறார்களே, அதுதான் இது.

‘சேர்த்தி’ பேச்சுவழக்காக இருக்கிறது, ஆவணத்துக்குரிய கம்பீரம் இல்லை என்பார்கள். உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு, தொடர்பு முறைகளைப் பட்டியலிடும்போது பிரெய்ல், பெரிய எழுத்து ஆகியவற்றோடு எளிய மொழியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் அவருடைய உரிமை அவருக்குப் புரியும் மொழியில் போய்ச் சேர வேண்டும். 8ஆம் பிரிவு விழிப்புணர்வை அரசுகளின் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. புரியாத சொல்லை வைத்து யாரை விழிக்க வைப்பது?

நம் மொழிபெயர்ப்பாளர்கள் பலர் சொல்பட்டியலைப் பார்த்தே வேலையை முடித்துவிடுகிறார்கள். அதே 2ஆம் பிரிவில் ‘ரீசனபிள் அக்காமடேஷன்’ என்று ஒன்று வருகிறது. ஒருவரின் தேவைக்கு ஏற்ப, மற்றவருக்குத் தாங்க முடியாத சுமை ஆகாத அளவில், செய்து தர வேண்டிய மாற்றம் என்று பொருள். ‘தகுந்த மாற்றம் செய்து தருதல்’ என்றால் தீர்ந்தது. ‘நியாயமான தங்குமிடம்’ என்று ஒரு துண்டறிக்கையில் அச்சாகியிருந்ததைப் பார்த்தேன். வேலைக்கு விண்ணப்பிக்கும் காது கேளாத இளைஞர் ஒருவர் அதைப் படித்தால், தனக்கு அறை தருவார்கள் என்றுதானே நினைப்பார்? நேர்காணலில் சைகை மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறும் உரிமை தனக்கு இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? இப்படித் தவறாகப் பெயர்த்த ஒரு சொல் ஒருவரின் வேலையையே பறித்துவிடலாம். பெயர்த்தவருக்கோ அது தெரியவே போவதில்லை. பெயர்த்ததை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் உரியவர்கள் ஒருவரிடமாவது படித்துக் காட்டினால் என்ன? ‘நாங்கள் இல்லாமல் எங்களைப் பற்றி எதுவும் இல்லை’ என்று இயக்கத்தார் பல காலமாகச் சொல்லிவருவது மொழிபெயர்ப்புக்கும் பொருந்தும்.

நானும் அதைச் செய்தேன். துண்டறிக்கையின் வாசகத்தை அடித்துவிட்டு, ‘மாற்றுத்திறனாளிகளும் சேர்த்தி’ என்று எழுதித் தோழியிடம் கொடுத்தேன். பரவாயில்லை என்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், “அந்த ‘உம்’ எதுக்கு?” என்று கேட்டார். “எல்லாரும் உட்கார்ந்த பிறகு எங்களைக் கூப்பிட்ட மாதிரி இருக்கு.”

அவர் சொன்னது சரி. இலக்கணத்தில் அதற்கு எச்சவும்மை என்று பெயர். வேறு சிலர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள் என்று அந்த ஓர் ‘உம்’ சொல்லாமல் சொல்லிவிடும். பேனாவை வாங்கி அவரே முதல் சொல்லை அடித்து, ‘எல்லாரும் சேர்த்தி’ என்று எழுதினார். அதிலும் ‘உம்’ இருக்கிறது. ஆனால் இது யாரையும் மிச்சம் விடாத முற்றும்மை.